ஜீவமணியின் அங்க அடையாளம்

துறைமுகத்துக்குள் நுழைய பாஸ் வேண்டும். பாஸுக்கு அங்க அடையாளம் வேண்டும். நியாயம்தானே? எங்கள் சரக்குக் கம்பெனியின் பாஸ் அதிகாரி சுடலைக்கண்ணன் சார் இந்த நியாயத்திலிருந்து ஒரு நூல் விலக மாட்டார்.

கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் ஜீவமணிக்கு நரம்பில் கட்டி வரும் நோய். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் கப்பல் கரை தட்டிவிடும். முதுகெல்லாம் சின்னச் சின்னக் கட்டிகள், வலது கன்னத்தில் எலுமிச்சை அளவில் ஒன்று. பிறவியிலேயே வருவது, ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் கடிதமே கொண்டுவந்து காட்டினான். கவனமாகப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் தள்ளி உட்கார்ந்தோம். நாங்கள் படித்தவர்கள்.

கன்னத்துக் கட்டி வலியெடுக்கவே ஆபரேஷன் ஆயிற்று. பாஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மகள் ஜெப்ஸிக்கும் அதே நோய். கண் நரம்பிலும் கட்டி வரலாம் என்பதால் திங்கட்கிழமை மதுரையில் கண் பரிசோதனை. பாஸ் இருந்தால்தான் கம்பெனி மருத்துவ அட்டை செல்லும்.

"வலது கன்னத்தில் கட்டின்னு போட்டிருக்கு. எங்க வேய்?" என்றார் சார், பழைய பாஸைப் பார்த்து.

"எடுத்துட்டாவ சார்."

"யாரைக் கேட்டு?"

"வலிச்சுது சார்."

"முறைப்படி விண்ணப்பம் கொடுத்துட்டுல்லா வலிக்கணும்? இப்ப கட்டி எங்கன இருக்கு?"

"சோதனைக்கு லேபுக்குப் போச்சு. பயப்பட ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்துட்டு."

சார் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இதுல ஜீவமணின்னு இருக்கு. அப்ப ஜீவமணி லேபுல இருக்காரு. நீரு யாரு?"

"முதுகுல நூறு கட்டி இருக்கு சார், ஒண்ணை எழுதிக்கிடுங்க."

"அதெல்லாம் வருஷா வருஷம் கூடுது. நிலையான அடையாளம்தான் செல்லும். சாட்சி இருக்கா?"

பதினாலு வருஷம் கூட வேலை பார்த்தவன் என்று நான் முன்னே போனேன்.

"இவர் முகம் எப்படி இருக்கும்?"

"கட்டி இருக்கும் சார்."

"கட்டியைத் தவிர?"

மூக்கு? கண்? ஒரு எழவும் ஞாபகம் வரவில்லை. பாஸுக்கு வரிசையில் நின்ற எங்கள் கம்பெனி கிளைட்டனும் அல்போன்சாவும் மின்விசிறியைப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

எங்களைப் பார்த்து ஜீவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கன்னத்தில் அழகாய் ஒரு குழி விழுந்தது.

"நிலையான அடையாளம்!" என்று சார் துள்ளி எழுந்தார். பாஸ் உடனே கிடைத்தது. ஒரே நிபந்தனை: தினமும் காலையில் வாசல் காவலரிடம் ஜீவமணி சிரித்துக் காட்ட வேண்டும். ஜெப்ஸியும் மதுரைக்குப் போய் வந்தாள். கண்ணில் குறை இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டில், நாலு நாற்காலி தள்ளியிருந்து சத்தம்போட்டுக் கேட்டேன்: "ஏலே ஜீவமணி, அந்தக் குழி எப்பலே விழுந்துச்சு?"

"பொறந்ததுலயிருந்தே இருக்கு அண்ணாச்சி," என்றான். "அங்கன இருந்து பார்த்தா தெரியாது."