ரூபர்ட் ஆல்டஸின் அசல் சுவர்

பேருந்தில் ஏறும்போது தலையைக் குனிகிறார். மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு அவரைவிட இரண்டு மடங்கு உயரம், அங்கும் குனிகிறார். உள்ளே போய் நிமிர்ந்ததும் வலது கை தானாக மேலே போய் ஓர் உத்தரத்தைத் தேடுகிறது. கிடைக்காதபோது முகத்தில் லேசான வருத்தம். இந்த அடையாளம் போதும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது, தாழ்ந்த உத்தரங்களுக்குக் குனிந்தே பழகிய ‘பழைய வீட்டுக்காரர்’ என்னும் இனம். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் வேலிக்கு ஒருவர் கிடைப்பார்.

எனக்குக் கிடைத்தவர் ரூபர்ட் ஆல்டஸ். அவருடைய பண்ணை வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

ஐந்நூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குடியானவர் ஓக் மரத்தில் அங்கே ஒரு கூடம் எழுப்பினார்; நடுவில் நெருப்பு, கூரை வரைக்கும் புகை. பின்னால் வந்தவர்கள் கண்ணெரிச்சல் தாங்காமல் புகைபோக்கி கட்டினார்கள், புகை ஒழிந்த இடத்தில் பலகை அடித்து மாடி போட்டார்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் முகப்புக்குச் செங்கல் சட்டை மாட்டினார்கள், முதுகில் ஒரு பால் அறையை ஒட்டவைத்தார்கள், குழாய் இழுத்தார்கள், காரை பூசினார்கள். குளிருக்குப் பயந்த சாதாரண மனிதர்கள். ரூபர்ட்டுக்கு இவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள். அவரைக் கேட்காமல் அவர் வீட்டில் கைவைத்தவர்கள் அல்லவா?

விருந்தாளி கோட்டைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். விரல் முட்டியால் ஒவ்வொரு மரத்தையும் தட்டி, ‘அசல்’, ‘பிற்காலம்’ என்று தீர்ப்பு. அதற்குள் தேநீர் ஆறிவிடும். என் அறையின் தரை பிற்காலம். அதன்மேல் நின்றுகொண்டிருந்த என்னையும் அவர் அதே பார்வையில்தான் பார்த்தார்.

அவர் மனைவி மொய்ரா துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. தையல் மேசை கிடந்த சமையலறையில் பகலிலேயே இருட்டு. அவர் கேட்டதெல்லாம் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல்.

“பதினஞ்சாம் நூற்றாண்டுச் சுவர் மொய்ரா. அதுல கை வெக்க நாம யாரு?”

“கண்ணு போயிட்டிருக்கிறவ.”

அந்த வருஷம் மொய்ராவின் பிறந்தநாளுக்கும் ரூபர்ட் விளக்குதான் வாங்கிக்கொடுத்தார். போன வருஷத்தைவிடப் பெரிய விளக்கு.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் மொய்ரா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தச் சுவருல இருக்கிற பூச்சு சிமெண்ட் மாதிரியில்ல இருக்கு?” என்றார்.

ரூபர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. சிமெண்ட். அவருடைய சுவரில். எழுந்து போய்த் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், நகத்தால் சுரண்டினார். பாதி தின்ற இறைச்சி அப்பம் தட்டிலேயே கிடந்தது.

இத்தகைய வீடுகளில் ஆணி அடிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் ரப்பர் பூட்சோடு வந்தார். அவர் முன்னிலையில் சிமெண்ட்டைப் பெயர்த்தபோது உத்தரத்தின் அடியில் சாய்சதுரக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன.

“மரக்கம்பி நின்ன குழிங்க இது. இங்க ஜன்னல் இருந்திருக்கு. யாரோ அடைச்சிட்டாங்க,” என்றார் அந்த அம்மாள்.

ரூபர்ட் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். “நான்தான் ஆரம்பத்திலேருந்தே சொல்லிட்டிருக்கேனே.”

மொய்ரா தேநீர் ஊற்றி, அந்த அம்மாளுக்கு கேக் வெட்டிவைத்தார்.

ஜன்னல் திறந்தது. மரக்கம்பிகள் நின்றன. கண்ணாடி மட்டும் கிடையாது. அந்தக் காலத்துக் குடியானவன் வீட்டில் ஏது கண்ணாடி என்று கேட்டார் ரூபர்ட்.

“சரி. அப்ப சாப்பிடறப்ப ஜன்னல் பக்கம் நீயே உக்காரு,” என்றார் மொய்ரா.

நவம்பரில் வடகடல் காற்று நேராக வந்து ரூபர்ட்டின் சூப்பில் இறங்கியது. மூக்கு சிவந்த பழைய வீட்டுக்காரர், கிறிஸ்துமஸுக்கு முன்பே தன் கையால் கண்ணாடி பொருத்தினார். கேட்டால், அதை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், சுவருக்கு ஒரு கீறல் விழாது என்பார். இதுவரை கழற்றவில்லை.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஓக் உத்தரம் இல்லை, அடுக்குமாடி வீடு. ஆனால் எது மாறினாலும் ‘முதலில் இருந்த மாதிரி வராது’ என்று சொல்லிக்கொண்டிருப்பது யார்? அந்த ‘முதல்’ எந்த வருஷம்? நீங்கள் குடிவந்த வருஷமாக இருக்குமோ?

அறையைக் காலி செய்துவிட்டு வந்தபின் மொய்ராவைச் சந்தையில் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார்: அந்த மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வாரம் முன்பே சிமெண்ட்டில் ஒரு துண்டைக் கரண்டியால் நெம்பி எடுத்து, உத்தரத்துக் குழியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மாவுப் பசை தடவித் திரும்ப ஒட்டியிருக்கிறார். நகராட்சி அம்மாள் அந்தப் பசையைக் கண்டுபிடித்துவிட்டாராம். இரண்டாவது துண்டு கேக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதைப் பற்றி வாயைத் திறக்காமல் போனாராம்.