ஆல்ப்ஸ் மலையில் நான் ஏறாதது பற்றி

காஜா பெராங், மலாக்கா
28 ஆகஸ்டு 1960, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய ஏகாம்பரம் மாமா அவர்களுக்கு,

சாரதாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல், அத்தையின் முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை என்று சிரம்பான் சங்கதிகளை முறைப்படி விசாரித்த பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவற்றைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி வைக்கிறேன். நேற்று நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை லேடாங் மலை அடிவாரத்தில் அப்பா கைத்தடியை ஊன்றி நின்று, "நீதாம்மா முன்னால போகணும். ஆல்ப்ஸ் மலையே ஏறினவ, இது ஒனக்கு வாசப்படி மாதிரி" என்றார். அதற்கு நான் சொல்லாத பதில் இது: "அப்பா, ஆல்ப்ஸ் மலையில் நான் ஒரு அடிகூட ஏறவில்லை."

நீங்கள் இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பீர்கள். உட்காருங்கள், மாமா. "பொண்ணு நாலு எடம் பாக்கட்டும் அத்தான்" என்று அப்பாவிடம் வாதாடி என்னை இங்கிலாந்துக்கு ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தவர் நீங்கள். அதனால் உண்மை முதலில் உங்களுக்குத்தான் சேர வேண்டும். என் மூன்றாவது கடிதத்தை உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினீர்களாமே, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். இரண்டு வருடம் முன்னால், கோடை விடுமுறையில், எங்களுக்குப் பூகோளம் நடத்திய மிஸஸ் ஹார்ப்பர் என்னையும் ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போனார். அவரும் கணவரும் இரண்டு பெண்களும் வருடம் தவறாமல் அங்கே போய்ப் பதினான்கு நாள் நடப்பார்கள். வேலைக்காக அல்ல, கோயிலுக்காக அல்ல, பஸ் தவறிப்போனதால் அல்ல, விடுமுறை என்பதால் நடப்பார்கள். விடியற்காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் முதுகுப்பையில் கட்டிக்கொண்டு கிளம்பி, மாலையில் மூக்கெல்லாம் தோலுரிந்து திரும்பி, வெந்நீரில் எட்டுப் பாதங்களையும் வைத்துக்கொண்டு, பிரமாதம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் முதல் நாள் காலையில் புதுச் சப்பாத்தும் கம்பளிக் காலுறையுமாக விடுதியை விட்டு வெளியே வந்தேன். விடுதி வாசலில் மூன்று கற்படிகள். மூன்றாவது படியில் வழுக்கினேன். கணுக்கால் பப்பாளிக்காய் அளவு வீங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பதினான்கு நாள் காலைக் கீழே வைக்கக்கூடாது என்றார். பயணமும் பதினான்கு நாள்தான். ஹார்ப்பர் குடும்பத்தாரைத் தடுத்து நிறுத்த எனக்கு மனமில்லை. நீங்கள் போய் வாருங்கள் என்றேன். விடுதிக்கார அம்மாள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்து, காலுக்கு ஒரு முக்காலி போட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு கூடை உருளைக்கிழங்கையும் கத்தியையும் மடியில் வைத்தார். ஆல்ப்ஸ் மலையில் நான் செய்தது அதுதான். உரித்தேன்.

அதை அப்படியே எழுதியிருக்கலாமே என்பீர்கள். அம்மாவை உங்களுக்குத் தெரியாதா? எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று எழுதியதற்கே மூன்று வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருந்தவர். காலில் அடி என்று எழுதினால் கால் இல்லை என்று படிப்பார். ஆகவே காலைப் பற்றி எழுதவில்லை. ஆனால் விமானக் கடிதத்தாளில் பக்கம் நிறைய இடம் இருந்தது. பாதி காலியாக அனுப்பினால் அப்பா சந்தேகப்படுவார். மிஸஸ் ஹார்ப்பரின் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஜன்னல் திண்டில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கணவாய், ஒரு பனியாறு, இரண்டு சிகரங்களை எடுத்து, முன்னால் "நாங்கள்" என்று சேர்த்தேன். அது முழுப் பொய் இல்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஹார்ப்பர் குடும்பம் போய்த்தானே வந்தது. அப்படி ஐந்து கடிதம். அப்பா அவற்றை அலுவலகத் தட்டச்சுப் பொறியில் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வாசகசாலைக்குக் கொடுத்து, ஒன்றை முடிவெட்டும் கடையில் வைத்து, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலாக்கா முழுவதும் சுற்றியிருக்கிறார். நான் ஊர் திரும்பியபோது பசாரில் மீன் விற்கிறவர்கூட, "பனியில நடந்த பொண்ணா?" என்று கேட்டு ஒரு கெம்போங் மீன் கூடுதலாகப் போட்டார். அந்த மீனை வாங்கிக்கொண்டவள் பிறகு எப்படி வாயைத் திறப்பாள்?

மார்ச் மாதம் அப்பா ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் கிராணியாக உட்கார்ந்து, இந்த நாட்டு மலைகளின் உயரத்தை எல்லாம் பதிவேட்டில் எழுதியவர். ஒரு மலையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. போன மாதம் அவசரகாலம் முடிந்துவிட்டது, இனிக் காட்டுக்குள் யாரும் போகலாம் என்று செய்தி வந்ததும், வாசகசாலைக்குப் போய்ச் செப்டம்பர் மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். தலைப்பு, "ஆல்ப்ஸ் முதல் லேடாங் வரை." பேசுவோர், தந்தையும் மகளும். ஆல்ப்ஸ் பகுதி தயார், லேடாங் பகுதிக்கு நாம் குடும்பத்தோடு ஒரு நாள் நடந்துவிட்டு வரவேண்டும் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பாட்டு மேசையில் திடீரென்று, "பனியாத்தைத் தாண்டுறப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்பார். வழிகாட்டிப் புத்தகத்தில் பயத்தைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. "குளிரா இருந்துச்சுப்பா" என்பேன். அவர் அதையும் எழுதிக்கொள்வார்.

வீட்டில் மற்றவர்களுக்கு வேறு கவலை. பொன்னம்மா அத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, அந்த மலை மேல என்ன சாமி?"

"சாமி ஒண்ணும் இல்லக்கா."

"கோயில்?"

"இல்ல."

"அப்ப யாரைப் பாக்க மேல ஏறுறோம்?"

"காத்து வாங்கக்கா, காத்து!"

"காத்து இங்க வாசல்லயே வருதே" என்றார் அத்தை. இரண்டு வருடமாக எனக்கும் இதே சந்தேகம்தான். மிஸஸ் ஹார்ப்பரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. பிரம்புக் கூடையில் தேங்காய், வாழைப்பழம், சூடம், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். "எதுக்கு ருக்மணி?" என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கட்டும்ங்க. மலைன்னு இருந்தா யாராவது இருப்பாங்க" என்றார்.

பக்கத்து வீட்டுத் தம்பிராஜா அண்ணனின் மோட்டார் காடியில் ஐந்து பேரும் கிளம்பினோம். அப்பா என் கடிதங்களை விதிமுறைப் புத்தகம்போல் கடைப்பிடித்தார். நான்காவது கடிதத்தில் கம்பளி அவசியம் என்று நான் எழுதியிருந்ததால், ஜாசின் வெயிலில் என் லண்டன் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது கடிதத்தில் ஊன்றுகோல் என்று இருந்ததால் ஐந்து துடைப்பக் கழிகளுக்கு நுனியில் ஆணி அடித்திருந்தார். மூன்றாவது கடிதத்தில், நீங்கள் வாசித்ததுதான், ஏறுகிறவர்கள் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள் என்று எழுதித் தொலைத்திருந்தேன். ஆசகான் அருவிக்குப் போகிற ரப்பர்த் தோட்டப் பாதையில் அப்பா கிணற்றுக் கயிற்றை எடுத்தார். "நான் என்ன ஆடா?" என்று அத்தை சத்தம் போட்டார். கட்டித்தான் ஆகவேண்டும் என்று கட்டிவிட்டார். முன்னால் நான், பிறகு அப்பா, அம்மா, அத்தை, கடைசியில் தம்பிராஜா அண்ணன். எதிரே சைக்கிளில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்தார். பன்னிரண்டு வருடம் இந்தக் காடுகளில் கம்யூனிஸ்டு ஆட்களைப் பிடித்த போலீஸ், மாமா. அவர் சைக்கிளை விட்டு இறங்கி எங்கள் ஐவரையும் கயிற்றோடு பார்த்தார். அப்பா தொப்பியைக் கழற்றி, "ஜாலான் ஜாலான்" என்றார், சும்மா உலாத்துகிறோம் என்று. போலீஸ்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இதில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். "எந்தம்பிதான் எங்களைப் புடிச்சிக்கிட்டுப் போறான்" என்று அத்தை தமிழிலேயே முறையிட்டார்.

கயிற்றை அவிழ்த்த பிறகு அட்டைகள் ஆரம்பித்தன. அத்தை கத்த, தம்பிராஜா அண்ணன், "நம்ம ரத்தம்தான் அதுக்குத் தேத்தண்ணி லா" என்று சொல்லிச் சொல்லிப் பிய்த்துப் போட்டார். அருவியின் முதல் குட்டைவரை ஏறினோம். பாறை ஈரம். நான் ஒவ்வொரு அடியையும் சோதித்துச் சோதித்து வைப்பதைப் பார்த்து அப்பா பின்னால் திரும்பி, "பாருங்க, பழக்கம்னா இதான்" என்று எல்லோருக்கும் விளக்கினார். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே திரும்பி நின்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஆனால் நிற்கச் சொல்ல மாட்டார். மகள் பத்தாயிரம் அடி ஏறியவள் ஆயிற்றே. நானும் நிற்க முடியாது. நான் ஆல்ப்ஸ் ஏறியவள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் ஏறிக்கொண்டே இருந்தோம். கடைசியில் இரண்டு பேரும் உருண்டு விழுவோம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது குட்டைக் கரையில் அம்மா கூடையை இறக்கினார். இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புப் பாறை நின்றது. அம்மா பாறையைப் பார்ப்பதற்கு முன் அப்பாவின் முழங்காலைப் பார்த்ததை நான் கவனித்தேன். பிறகு பாறையில் தண்ணீர் தெளித்து, மூன்று பொட்டு வைத்து, பழத்தைப் படைத்து, சூடம் ஏற்றி, தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. அப்பா, "இன்னும் உச்சி இருக்கே ருக்மணி" என்றார் மெதுவாக.

"என்னங்க பேசுறீங்க? சூடம் காட்டியாச்சு. தீபாராதனை முடிஞ்சப்புறம் மேல போவாங்களா யாராச்சும்? அபசாரம்" என்றார் அம்மா.

"அதானே!" என்றார் அத்தை.

"அக்கா சொன்னா சரிதாண்ணே" என்று தம்பிராஜா அண்ணன் அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் உச்சிப் பக்கம் பார்த்தார். பிறகு சால்வையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாங்கியம்னு ஒண்ணு இருக்கே. அதை மீறக்கூடாது" என்றார். மாமா, பதினைந்து வயதிலிருந்து இந்தச் சாங்கியங்களை எல்லாம் நான் புத்தகம் படித்துக் கேலி செய்து வந்திருக்கிறேன். நேற்று அந்தச் சூடத்தை இரண்டு கையாலும் ஒற்றிக்கொண்டேன். அருவித் தண்ணீரில் எல்லோரும் காலை விட்டு உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு தின்றோம். என் வாழ்க்கையில் இவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

திரும்பும்போது காடியில் அப்பா என் காதருகே வந்து, "கூட்டத்துல, மலை ஏறினோம்னு பொதுவா சொல்லிரலாமா சாரதா?" என்றார். "ஏறினோம்தானேப்பா" என்றேன். அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். இனி இந்த வீட்டில் மலை ஏறாதவர் இரண்டு பேர். என் பாரம் பாதியானதுபோல் இருக்கிறது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் அத்தையிடம்கூடச் சொல்ல வேண்டாம். படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இனி, இருமல் எப்படி இருக்கிறது? அத்தையின் முதுகுக்கு அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார், தைப்பூசத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் நன்றாக எழுதட்டும். இங்கிருந்து எல்லோருடைய அன்பும், அட்டை கடித்த பத்துக் கால்களின் வணக்கமும்.

தங்கள் மருமகள்,
சாரதாம்பாள்

பின்குறிப்பு, செப்டம்பர் 4: மேலே உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்று வருகிற இடத்தை அடித்துவிடுங்கள். கடிதத்தை எரிக்கவும் வேண்டாம். மெர்டேகா சுதந்திர நாள் விடுமுறை வந்ததால் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை மிஸஸ் ஹார்ப்பரிடமிருந்து முதல்முறையாக அப்பா பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. இந்த வருடமும் அதே விடுதியில் இருக்கிறார்களாம். பதினான்கு நாள் வாசலைத் தாண்டாமல், ஒரு முறைகூட முகம் சுளிக்காமல், சமையலறையில் உட்கார்ந்திருந்த உங்கள் பெண்ணை இங்கே எல்லோரும் விசாரிக்கிறார்கள், கணுக்கால் இப்போது எப்படி என்று எழுதியிருந்தார். இதை எல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அப்பா இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யாருங்க எழுதினது?" என்று அம்மா கேட்டதற்கு, "அந்த வெள்ளக்காரம்மா. சௌக்கியமாம்" என்றார். வெள்ளிக்கிழமையும் அந்த நீல உறை பையிலேயே இருந்தது.

நேற்று வாசகசாலையில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அப்பா எழுந்து, லேடாங் மலையில் இரண்டாவது குட்டைக்கு மேல் தாம் போகவில்லை, முழங்கால் விடவில்லை, தம் மானத்தைக் காப்பாற்ற மனைவி ஒரு தேங்காயைச் செலவழித்தாள் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. சிரிப்பு அடங்கியதும், "ஆல்ப்ஸ் மலையில என்ன நடந்ததுன்னு என் மக சொல்லுவா. சொல்ல இஷ்டம் இல்லேன்னா, தேத்தண்ணி தயாரா இருக்கு, குடிக்கலாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். ஒரு அடிகூட ஏறவில்லை என்றேன். பிறகு அந்தச் சமையலறையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.