ரகுபதியின் பதினேழு கல்

ராயபுரத்தின் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியே தீருவது என்று ரகுபதி முடிவு செய்தபோது அவர் வாயில் மசால்வடை இருந்தது. வடைக்கு அடியில் ஒரு தாள். பெண்டாட்டி அங்கம்மா கருவாடு மடித்துக் கொடுக்க வாங்கி வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அவரே உருவியது. கோடி கோடி வருஷங்களுக்கு முன் செத்த பிராணிகள் கல்லாகிப் பூமிக்குள் கிடக்கின்றன, அவற்றுக்குப் பாசில் என்று பெயர், ராட்சதப் பல்லியின் முட்டைகூட அகப்பட்டிருக்கிறது, கண்டெடுத்தவர் பெயரை மியூசியத்தில் எழுதி வைக்கிறார்கள் என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. எலும்புப் பாசிலை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். அதோடு தாள் முடிந்தது. கட்டுரை முடியவில்லை. ஆனால் ரகுபதிக்கு எதையும் பாதிக்கு மேல் படிக்கிற வழக்கம் இல்லை. மீதியைத் தன் மூளையே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் அவர் குமாஸ்தா. கடலுக்குப் போகாமல், காலில் செருப்போடு வேலைக்குப் போன முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டப் பல்லாவரத்திலிருந்து ரயில் வாகன் வாகனாகக் கல் வந்து இறங்கும். எப்போதாவது அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லும் வரும். ஒரே மாதத்தில் பதினேழு கல் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தன. உருண்டையாக இருந்தால் முட்டை. நீளமாக இருந்தால் தொடை எலும்பு. இரண்டும் இல்லையென்றால் ஈரல்.

பின்கட்டு அங்கம்மாவின் ராஜ்யம். நெத்திலியும் வாளையும் காய்வது அங்கேதான். மாசக் கடைசி வாரத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அவள் கருவாட்டு வியாபாரத்தால்தான். இப்போது பாய் விரிக்க இடமில்லை. தெருவில் காயப் போட்டதில் பாதியைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. அவளுக்கு வயிறு எரிந்தது.

“யோவ், இந்தக் கல்லையெல்லாம் எப்போ எடுக்கப் போறே?”

“கல்லா? இன்னாமே பேசறே? இது முட்டை.”

“அப்போ அடை வெச்சிக் குஞ்சு பொரி.”

“இதப் பாரு. பெரணிச் செடி. இலை இலையா அப்படியே கீது.”

“கீது. காம்பு எங்கே?”

“கோடி வருசத்துல காம்பு நிக்குமா?”

“இலை நின்னுது, காம்பு நிக்கலியா?”

விஞ்ஞானிகள் பெண்டாட்டிகளோடு வாதாடுவதில்லை. ரகுபதி ஒரு தொடை எலும்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“அங்கம்மாக்கா, அண்ணாத்தைக்கு எத்தினி மாசம்? கல்லு மண்ணுன்னு கேக்குதே!”

“ஒட்டுது! நாக்குல ஒட்டுது!” என்று கூவினார் ரகுபதி.

“பத்து வருசமா மீன் காயுற எடம்,” என்றாள் அங்கம்மா. “செவுத்த நக்கிப் பாரு. அதுவும் ஒட்டும்.”

அன்றைக்கே ரகுபதி மியூசியத்துக்குக் கடுதாசி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் ஒருவர் நேரில் வருவதாகப் பதில் வந்தது. சனிக்கிழமை அங்கம்மா கேட்டாள்.

“ஆபீசர் வந்து பாசில் இல்லேன்னுட்டா?”

“நானே தலையில சொமந்து எடுத்த எடத்துல போடறேன்.”

“ஒரு மாசம் கருவாடு காய வெக்கறதும் நீதான்.”

“ஆவட்டும். பாசில்தான்னு சொல்லிட்டா, பின்கட்டு என்னுது. அப்பால உன் கருவாடு இந்த வூட்டுக்குள்ளயே வரக்கூடாது.”

“சரி.”

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே இல்லை. ரகுபதி அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவள் உப்புத் தொட்டி மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லைத் தூக்கிக் காட்டினாள். ஆட்டுக்கொம்பைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். அரியலூர் வாகனிலிருந்து அவரே முதல் வாரம் கொண்டுவந்து, பிடிக்காமல், கணக்கில் சேர்க்காமல் எறிந்தது.

“இத்தையும் உன் வரிசையில வெச்சிக்கறியா?”

“தூ! ரெண்டு பக்கமும் ஒரே அளவா வரி வரியா கீது. எவனோ உளி வெச்சிச் செதுக்கினது. ஆபீசர் சிரிப்பாரு.”

“அப்போ இது எனக்கா?”

“உனக்கே உனக்கு.”

“ரஹீமா, கேட்டுக்கோ.”

“கேட்டேன்க்கா,” என்றது சுவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் சின்னச் சுத்தியலும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். முட்டையை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் பிளந்தது.

“ஓடு எங்கே சார்? உள்ளேயும் வெளியேயும் ஒரே கல்லாக இருக்கிறதே.”

பெரணியைப் பார்த்தார். “செடி இல்லை. விரிசலில் தண்ணீரோடு இறங்கின கறை. பல்லாவரத்துக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்கடியில் கொதித்துக் கிடந்தது. அதில் எந்தப் பிராணி சார் குடித்தனம் பண்ணியிருக்கும்?”

“ஈரல்?” என்றார் ரகுபதி, ஈனசுரத்தில்.

“ஈரல் மாதிரிதான் இருக்கிறது,” என்றார் ஆபீசர் அனுதாபத்தோடு.

அங்கம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே உப்புத் தொட்டிக் கல்லையும் வைத்தாள்.

“அப்படியே இத்தையும் பாத்துடுங்க சார்.”

காப்பி ஆறியது. ஆபீசர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, இது அசல்! கடலில் இருந்த பிராணியின் ஓடு. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?”

“ஓரம் உடைஞ்ச எடத்துல பாருங்க, உள்ள தடுப்புத் தடுப்பா கீது. கரையில ஒதுங்கற சங்கு, கிளிஞ்சல் எல்லாம் உடைச்சிப் பாத்தவ நான். உயிரா இருந்ததுக்கு உள்ள ஒரு ஒழுங்கு இருக்கும். மீதியெல்லாம் பேப்பர்ல போட்டிருந்தான்.”

ரகுபதி குறுக்கே பாய்ந்தார். “சார், கண்டெடுத்தது நான்!”

“எத்த? உளி வெச்சிச் செதுக்கினதையா?”

“உனக்கே உனக்குன்னு சொன்னீங்களே அண்ணாத்தே,” என்றது சுவர்.

“அது கெடக்கட்டும். இன்னா பேப்பரு?”

அங்கம்மா கருவாட்டுக் கூடைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வாளை வாசனை வீசியது. தலைப்பில் ‘போலிகளை இனம் காண்பது எப்படி?’ என்று போட்டிருந்தது. முதல் வரி: ‘நாக்கில் ஒட்டுவதை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம்.’

“நீ வடை துன்ன தாளுக்கு அடுத்த தாளு. ஒரு மாசமா என்கிட்டதான் கீது.”

“சொல்லக்கூடாதா?”

“நீ கேட்டியா?”

பதினேழு கல்லையும் ரகுபதி பட்டப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டார். ஈரல்தான் ரொம்பக் கனம்.

போன ஞாயிறு மியூசியத்துக்குப் போயிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் உப்புத் தொட்டிக் கல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: ‘கண்டறிந்தவர்: திருமதி அங்கம்மா, ராயபுரம்.’ அதற்குக் கீழேயும் என்னவோ எழுதியிருந்தது. ரகுபதி படிக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி நெத்திலியை அள்ளியாக வேண்டும்.