மந்திரித்த வண்டி

“மாமா, உங்களுக்கு பைக்குன்னா பயமா?”

மளிகைக்கடை ராசையாவின் மகள் பெனிஷா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தனியாகக் கேட்டிருந்தால் கஸ்பார் உண்மையைச் சொல்லியிருப்பார். அவள் கேட்டதோ ஞாயிறு பூசை முடிந்து நலம் விசாரிக்க வந்த ஒன்பது பேர் நடுவில், ராயபுரத்தில் அவருடைய சொந்த வீட்டுக் கூடத்தில்.

கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நூறடி உயரக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது டன் கன்டெய்னரைக் கப்பலிலிருந்து முட்டையை எடுப்பதுபோல் எடுத்து லாரியில் வைப்பார். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு இடையே இருபத்தாறு வருஷம் பைக் ஓட்டியவர். ஒரு டிரெய்லரும் அவரைத் தொட்டதில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் காசிமேட்டு வளைவில், மீன் வண்டியிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீர்தான் அவரைச் சாய்த்தது. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. “இனி தாராளமா வண்டி ஓட்டலாம்” என்று டாக்டர் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். மனசுதான் சேரவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினாலும் கஸ்பாரின் வலது கால் தானாகத் தரையில் பிரேக் மிதித்தது. போன வாரம் ஷேர் ஆட்டோவில் மிதித்த மிதியில் எதிரே இருந்தவரின் செருப்பு வார் அறுந்துபோனது. இந்த ரகசியம் தனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும் என்று கஸ்பார் நம்பிக்கொண்டிருந்தார்.

“பயமா? எனக்கா?” என்று சத்தமாகச் சிரித்தார். “இன்னா பாப்பா நீ! வண்டி மட்டும் ரெடியா இருந்துச்சின்னா, இப்பவே ஏறி பழவேற்காடு வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவேன்!”

சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. உள்ளே அவர் மனைவி அடைக்கலமேரி இருந்தாள்.

பொய் சொன்னவன் பயப்பட வேண்டியது எதிரிகளுக்கு அல்ல, நல்ல மனிதர்களுக்கு. ராசையா மிக நல்ல மனிதர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். தெருவில் யாராவது தும்மினால் சுக்கை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். இப்போது செல்போனை எடுத்தார்.

“ஏ துரை! கஸ்பாரு வண்டிய ஒடனே சரி பண்ணுடே. மனுசன் வண்டி ஏக்கத்துல பாதியாப் போயிட்டாரு!”

மெக்கானிக் துரையின் பட்டறை தெருமுனையில் இருந்தது. நசுங்கிய வண்டி அங்கேதான் ஒரு மூலையில் கிடந்தது. அது அங்கேயே மட்கிப் போகும் என்று கஸ்பார் கணக்குப் போட்டிருந்தார். நான்காம் நாள் காலையில் அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வாசலில் வந்து நின்றது.

“இன்னா தொர, அதுக்குள்ளயா?” என்றார் கஸ்பார்.

“வேற எந்த வண்டியையும் தொடலண்ணே. எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நைட்டோட நைட்டா வந்து ரத்தம் குடுத்த ஆளு நீ. கூலி அது இதுன்னு பேசுன, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“சந்தோசம்பா. ஆனா பாரு, ஹெல்மெட்டு ஒடஞ்சி கீது. ஹெல்மெட்டு இல்லாம ஓட்றது சட்டப்படி தப்பு. நான் தப்பு பண்ண மாட்டேன்.”

மாலையில் ராசையா ஹெல்மெட்டோடு வந்தார். கிளிப்பச்சை நிறம். பின்பக்கத்தில் ‘ராசையா ஸ்டோர்ஸ், மொத்தம் மற்றும் சில்லறை’ என்று ஸ்டிக்கர் வேறு.

“தலைக்கு நல்லா இருக்காவே? அளவு தெரியாம எங்க கடை பறங்கிக்காயில வச்சுப் பாத்து வாங்கினேன்.”

கச்சிதமாகப் பொருந்தியது.

கஸ்பாருக்குக் கடைசி நம்பிக்கை மேரிதான். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அழுதவள். ஒரே ஒரு முறை ‘வேண்டாம்’ என்று அவள் சொல்லிவிட்டால் போதும். மனைவி சொல்லைத் தட்டாத உத்தமன் என்ற பெயரோடு வாழ்நாள் முழுக்க நடந்தே போகலாம்.

“மேரி, எனக்கு ஆசதான். ஆனா நீ பயப்படுவ. நீ வேணாம்னா நான் அந்த வண்டியத் தொட மாட்டேன்.”

“நான் ஏங்க வேணாங்கப் போறேன்?”

“அழுவியே?”

“அழ வேண்டியதெல்லாம் அப்பவே அழுதாச்சி.” வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “உங்களுக்கு நெஜமா ஓட்டணும்னு இருக்குதா?”

உண்மையைச் சொல்ல ஆண்டவர் இப்படி வாசலைத் திறந்துவைப்பார். நாம் சுவரில் முட்டிக்கொள்வோம்.

“பின்ன? இருக்காதா?” என்றார் கஸ்பார்.

“அப்ப ஓட்டுங்க.”

அன்று ராத்திரி படுக்கையில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. காலையில் துரையையும் ராசையாவையும் கூப்பிட்டு முகத்தைப் பக்தியோடு வைத்துக்கொண்டார்.

“இது ரத்தம் பாத்த வண்டி. சாமியார் வந்து மந்திரிச்சு தீர்த்தம் தெளிக்காம ஏற மாட்டேன். இது வேதக்காரன் முறை.”

மறுபேச்சு யாரும் பேசவில்லை. பங்குச் சாமியாரான சாலமோன், மலைப்பக்கம் எங்கோ தியானத்துக்குப் போயிருந்தார். திரும்ப ஒரு மாதம் ஆகும் என்று கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளையிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார் கஸ்பார்.

அந்தத் தியான இல்லத்தில் கிணறு வற்றிவிட்டது. சாமியார் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்தார். ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலைகளை வாசித்து முடித்தபின், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியில் சொன்னார்:

“ஐந்து மாத வேதனைக்குப் பிறகும் மனம் தளராமல் மீண்டும் வாகனத்தில் ஏறவிருக்கும் நம் சகோதரர் கஸ்பாரின் பைக் அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மந்திரிக்கப்படும். அனைவரும் வந்து அவருக்காக ஜெபியுங்கள்.”

ராசையா போட்ட ஒரு போன், இப்போது மொத்தப் பங்கு மக்களுக்கும் அழைப்பாகிவிட்டது.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம். பூக்காரி சீனியம்மாள் ஹேண்டில்பாரில் மாலை போட்டுவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ரெண்டு எலுமிச்சம்பழமும் வைத்தாள்.

“இது எதுக்கும்மா?” என்றார் சாமியார்.

“இருக்கட்டும் சாமி. நீ உங்காளுகிட்ட சொல்லு, நான் எங்காளுகிட்ட சொல்றேன். ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கட்டும்.”

சாமியார் சிரித்தார். கஸ்பார் கிளிப்பச்சை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டே முன்பக்கம், பின்பக்கம், எஞ்சின், சக்கரம் என்று சுற்றிச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். ஹேண்டிலில் இருந்த மாலை மட்டும் காற்றே இல்லாமல் ஆடியது. கஸ்பாரின் கைகள் ஹேண்டிலைப் பிடித்திருந்தன.

“ஸ்டார்ட் பண்ணுண்ணே!” துரை பூரித்துப்போய் நின்றான்.

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். இல்லை. ஒன்பது முறை உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை.

‘ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்!’ என்று உள்ளம் துள்ளியது. ஆனால் நூறு பேர் பார்க்கிறார்கள். ஏமாற்றம் அடைந்த வீரன் மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இன்னா தொர இது? இன்னா வேல பாத்து கீற நீ? நான் ரெடி. வண்டி ரெடி இல்லியே!”

துரைக்கு முகம் வெளிறியது. “நேத்துகூட ஒரே ஒதையில கெளம்புச்சிண்ணே. கொஞ்சம் எறங்கு, இன்னான்னு பாக்கறேன்...”

பார்த்துவிட்டால் சரிசெய்துவிடுவானே!

“தொடாத! நீ பாத்த வர போதும்!” என்று கஸ்பார் வண்டியைத் தானே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். காலில் நொண்டல்கூட இல்லை. போன வேகம் அப்படி.

“தீர்த்தம் பட்டும் கெளம்பலன்னா அவன் கை எப்டியாப்பட்ட கை!” என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். துரை தலையைக் குனிந்துகொண்டே பட்டறைக்கு நடந்தான்.

மூன்று நாள் கஸ்பார் நிம்மதியாகத் தூங்கினார். நான்காம் நாள் பட்டறை வழியாக நடந்து வந்தபோது சட்டென்று நின்றார். எப்போதும் எட்டுப் பத்து வண்டி நிற்கும் இடத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டர். துரை ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“இன்னா தொர, ஆளே காணோம்?”

“அல்லாரும் பாலத்தாண்ட இருக்குற கடைக்குப் போறாங்கண்ணே. எம்மேல தப்புதான், எங்கியோ வுட்டுட்டேன். சாமியார் ஸ்கூட்டரு மட்டும் டெய்லி வருது. முந்தாநேத்து பிரேக்கு சரியில்லன்னாரு, நேத்து ஆரன் அடிக்கலன்னாரு. பாத்தா எல்லாம் நல்லாதான் கீது. தொடச்சிக் குடுக்கறேன்.” ஸ்பேனரைக் கீழே வைத்தான். “உன் காலு எப்டிண்ணே கீது?”

திட்டு வாங்கியவன் திட்டியவனின் காலை விசாரித்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கினார். குனிந்து பார்த்தார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கில் செருகியிருக்க வேண்டிய கேப் கழன்று, தொட்டும் தொடாமலும் சாய்ந்து நின்றது. தானாகக் கழல்கிற சாமான் அல்ல அது. யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துரை! அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த நடுங்குகிற கையின் மானத்தைக் காப்பாற்றத் தன் கையின் பெயரைக் கெடுத்துக்கொண்டான். வாய் திறக்கவில்லை. இவரோ நூறு பேர் முன்னால் அவனைத் திட்டினார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. மேரிகூட எழுந்திருக்கவில்லை. கஸ்பார் கேப்பை அழுத்திச் செருகினார். சிலுவை போட்டுக்கொண்டு உதைத்தார். ஒரே உதை. வண்டி கிளம்பியது.

அன்று ராயபுரத்தில் அதைவிட மெதுவாகப் போன வாகனம் எதுவும் இல்லை. ஒரு தெருநாய் கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு, அலுத்துப்போய் முந்திக்கொண்டது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா அவரைத் தாண்டிப் போனாள். பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடித்தபின் இரண்டாவது கியர் போட்டார். காசிமேட்டு வளைவு வந்தது. அதே ஐஸ் தண்ணீர் ரோட்டில் மினுமினுத்தது. வண்டியை நிறுத்தினார். திரும்பிவிடலாமா என்று நினைத்தார். துரை ஸ்பேனர் அடுக்கியது ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு காலையும் துடுப்பு மாதிரி தரையில் ஊன்றி ஊன்றி அந்த ஈரத்தைத் தாண்டினார். தாண்டியதும் அழுகை வந்தது. அழுதுகொண்டே மூன்றாவது கியர் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது, கஸ்பார் பைக்கில் வந்து வாசலில் இறங்கினார்.

“அல்லாரும் கேளுங்க. தொர வேலையில ஒரு கொறையும் இல்ல. பிளக் கேப்ப நான்தான் கழட்டி வுட்டேன். பயம். வண்டியில ஏற அவ்ளோ பயம். அவன்மேல பழியப் போட்டுட்டேன்.”

முதலில் மேரி சிரித்தாள். “ராத்திரி தூக்கத்துல என் கால மிதிச்சி மிதிச்சி பிரேக்கு போட்டப்பவே எனக்குத் தெரியுமே!”

“ஏ கஸ்பாரு! பயம்னா பயம்னு சொல்லப்படாதாவே?” என்று ராசையா தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு ஹெல்மெட்டு மிச்சமாயிருக்குமே!”

அன்று சாயங்காலமே துரையின் பட்டறையில் ஏழு வண்டிகள் நின்றன. கஸ்பாரைக் கண்டதும் துரை இடுப்பில் கைவைத்தான்.

“இன்னாண்ணே இது அநியாயம்! நீயே கழட்டிட்டு என்னியே திட்னியா?”

என்ன நடிப்பு! கஸ்பார் கண்ணடித்துவிட்டு நகர்ந்தார். துரை ஒன்றும் புரியாமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனால் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் பொய் பொய்தானே. அடுத்த சனிக்கிழமை மாலை கோயில் காலியாக இருந்த நேரத்தில், கஸ்பார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டார். வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் சாலமோன் இருந்தார்.

“ஆசீர்வதியும் சாமி. கோயில் வாசல்லயே ஒரு பொய் சொல்லிட்டேன். பிளக் கேப்ப நான் கழட்டல. தொரதான் கழட்டினான், என் மானத்தக் காப்பாத்த. அவன் பேரு கெட்டுப்போச்சேன்னு பழிய நான் ஏத்துக்கினேன். அவன்கிட்டகூட இத்த நான் சொல்லல.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சாமியார் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொல்லி முடித்தார்.

“அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. போய்ட்டு வா.”

“சரி சாமி.”

கஸ்பார் எழுந்தார்.

“கஸ்பார், இரு. துரைக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுப்பா. அன்னிக்கு உன் கை நடுங்கறதைப் பார்த்துட்டு, தீர்த்தம் தெளிக்கிற சாக்குல அந்தக் கேப்பைக் கழட்டினது நான்தான்.”