புத்தர் அறையில் ஒரு தீக்குச்சி

ஆரணிக்காரனுக்கு எதை வேண்டுமானாலும் காட்டலாம், தொங்கும் நூலை மட்டும் காட்டக் கூடாது. நான் அந்த விஷயத்தில் தேறாத கேஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அதற்குள் மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. (மூன்றுக்கும் காரணம் என் வாய்.) நாலாவது பெண்ணின் அப்பா சென்னையில் சரித்திர ஆசிரியர். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை மட்டும் பௌத்தக் கலைக் காட்சியகத்துக்கு வரட்டும் என்றுவிட்டார். பட்டுக்கடை வைத்திருந்த என் அப்பா கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: "அங்க போயி யாவாரம் பேசிகினு நிக்காத."

பேசவேயில்லை. கல் புத்தர், வெண்கலப் புத்தர், கையில்லாத புத்தர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் ஆசிரியர் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். நான் தலையாட்டினேன். பெண் மாம்பழ மஞ்சள் சேலையில், கொட்டாவியை மறைத்தபடி வந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தரின் அஸ்தி வைத்த சிறு கற்பேழை. பெட்டி இருந்த மேசைமேல் காவித் துணி. 'பட்டு விரிப்பு' என்று அட்டை வேறு. ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். (தீப்பெட்டி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.) என் கை என்னைக் கேட்கவில்லை. நூலைப் பிடுங்கிக் குச்சியைக் கிழித்தேன்.

காவலாளி ஊதிய விசிலில், சுற்றுலா வந்திருந்த ஒரு பள்ளிக்கூடமே வரிசை கலைந்தது. பீடிப் பழக்கம் எத்தனை வருஷமாக என்று ஆசிரியர் கேட்டார். நான் ஓடிவந்த அதிகாரியிடம் உருகிய மணியை நீட்டி, "சார், இது பட்டு இல்லீங்க" என்றேன். அவர் முதலில் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை வெளியே அனுப்பினார்.

நாலாவதும் போச்சு என்று வாசலில் நின்றேன். அழுகை வந்தது. ஆசிரியர் ஆட்டோ பிடிக்கப் போன சமயம் பெண் பக்கத்தில் வந்தாள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து நீட்டினாள்.

"இதையும் பாத்து சொல்லுங்க. அப்பா உங்க கடையிலதான் எடுத்தாராம்."

கொளுத்தினேன். மணி திரண்டது, நன்றாகக் குண்டாக. உண்மையைச் சொன்னால் என் அப்பாவின் மானம் போகும், பொய் சொன்னால் இவள் போவாள்.

"சுத்தப் பட்டுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "கல்யாணப் பொடவைய மட்டும் நானே வந்து கொளுத்திப் பாத்து எடுத்துக்கறேன்" என்றாள்.

வந்தாள். என் அப்பா எதிரிலேயே ஒரு தீப்பெட்டியைக் காலி செய்தாள். இன்றும் வீட்டில் நான் எதற்காவது சத்தியம் செய்தால், என் மகள் நேரே சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்து வருகிறாள்.