மாப்பிள்ளைக்கு நான் எடுத்த லிப்ட் வகுப்பு

எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு, படிப்பு முடிந்த கையோடு ஒரு வியாதி வரும். வாயைத் திறந்தால் பாடப்புத்தகம்தான் வரும். எனக்கு அது கடுமையாகவே வந்தது. தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிகிறது என்று அம்மா கத்தினால், அதற்குப் பெயர் 'ஓவர்புளோ கண்டிஷன்' என்று திருத்திவிட்டுத்தான் மோட்டரை நிறுத்தப் போவேன். (அதற்குள் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் நிற்கும்.)

இந்த வியாதியோடுதான், இரத்மலானையில் லிப்ட் பராமரிக்கும் ஒரு சின்னக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிவேலைக்குப் போகும் ஆட்களில் நான் ஒருத்திதான் பெண். போகிற இடமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எஞ்சினியர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். சாதாரணமாகக் கதைத்தால் இவர்கள் மதிக்கப் போவதில்லை என்று முடிவு கட்டினேன். அன்று முதல் வாடிக்கையாளருக்கு விளங்குகிற சொல் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. ஒரே ஒரு லிப்ட். அதுவும் அந்த மாதம் முழுக்கப் பழுது. ஏழாம் மாடி வீட்டு மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் நிமல் என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்தன்று லிப்ட் நின்றால் அந்தக் கட்டடக்காரர் வேறு கம்பனிக்குப் போய்விடுவார்கள், என் வேலை நிரந்தரமாவதையும் அத்தோடு மறந்துவிடலாம் என்றார். காலையிலேயே போய்ப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். போனேன். எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்து, லிப்டை ராசா மாதிரி வைத்திருந்தேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

ராகு காலத்துக்கு முன் மாப்பிள்ளை வாசலைத் தாண்டிக் காரில் ஏறிவிட வேண்டும். தேங்காய் உடைத்தாயிற்று. பட்டு வேட்டி, தலைப்பாகையோடு மாப்பிள்ளை லிப்டுக்குள் போனார். பின்னாலேயே தகப்பனார் சிவபாலன், தாயார் ராணி, தட்டங்கள், வாழைக்குலை, சித்தப்பாமார், வீடியோக்காரர், அவருடைய விளக்கு. எல்லோரும் ஒரே தடவையில். கதவு மூடவில்லை.

பாரம் கூடினால் அடிக்கும் மணியொன்று அந்த லிப்டில் இருந்தது. சத்தம் தாங்கவில்லை என்று கட்டடக்காரர் அதை எப்போதோ கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஆகவே லிப்ட் சும்மா வாயைத் திறந்துகொண்டு நின்றது. பிறகென்ன, பழையபடி பழுதுதான் என்று உள்ளே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கோ, என் நேரம் வந்துவிட்டது என்ற பெருமை. வாசலில் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"லோட் செல் த்ரெஷோல்டைத் தாண்டியிருக்கு. அதாலதான் கொன்ட்ரோலர் டோர் குளோசிங்கை இன்ஹிபிட் பண்ணுது. லோட் நோர்மலைஸ் ஆனால் உடன போகும்."

சிவபாலன் அங்கிள் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். ஆழமாகத் தலையாட்டி, "ஓம் ஓம், அது சரி" என்றார். பிறகு திரும்பித் தன் ஆட்களுக்கு மொழிபெயர்த்தார்: பிள்ளை திருத்துறா, கொஞ்சத்தில சரியாயிடும்.

திருத்தியவுடன் புறப்படத் தயாராக இருக்க வேண்டுமல்லவா? வெளியே நின்ற மாமிமாரையும் உள்ளே கூப்பிட்டு நெருக்கி நிறுத்தினார்கள்.

இவர்களுக்கு விளக்கம் போதவில்லை என்று நான் நினைத்தேன். ஆகவே இன்னும் விரிவாகத் தொடங்கினேன். மோட்டரின் முறுக்குவிசை, எதிர்ப்பாரம், கம்பிவடத்தின் பாதுகாப்பு என்று ஒன்றையும் விடவில்லை. வீடியோக்காரரும் விளக்கை என் பக்கம் திருப்பினார். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் மூக்குக்கு வந்தது. சித்தப்பா ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ராணி அன்ரி கண்ணை மூடி ஏதோ தேவாரம் முணுமுணுத்தார். நான் வகுப்பை நிறுத்தவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் தம்பி கஜன், வாழைக்குலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"மிஸ், அதெல்லாம் சரி. நாங்கள் இப்ப என்ன செய்யவேணும்?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் யாருக்கும் அதைச் சொன்னதுமில்லை. "லோட்..." என்று தொடங்கினேன். நிமல் சொன்னதும், என் வேலையும், ராகு காலமும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. பயந்து போனேன்.

"ஆக்கள் கூடிப்போச்சு. கொஞ்சப் பேர் இறங்குங்கோ."

லிப்டுக்குள் ஒரு பெருமூச்சு. ஆனால் யாரும் அசையவில்லை. நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டவர்கள் திரும்பக் கூடாது, இறங்கினால் திரும்பியதாகிவிடும். கஜன்கூட ஒரு காலைத் தூக்கிவிட்டுத் தாயைப் பார்த்ததும் திரும்ப வைத்துக்கொண்டான். என் பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அங்கிள், வீட்டுக்குள்ள போனால்தானே திரும்பினது? படியால இறங்கினால் முன்னுக்குத்தானே போறீங்கள்?"

சிவபாலன் அங்கிள் ஒரு கணம் யோசித்தார். இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. "அது ஞாயம்தானே" என்று சொல்லி, முதல் ஆளாக இறங்கிப் படிப்பக்கம் நடந்தார். குடும்பத் தலைவர் நடந்தால் குடும்பம் நிற்குமா? மாமிமார், சித்தப்பாமார், தட்டங்கள், எல்லாம் அவர் பின்னால். நான் கொஞ்சப் பேர் என்றுதான் சொன்னேன் என்று கத்திப் பார்த்தேன். மாப்பிள்ளையும் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்தபடி போய்விட்டார். நான் உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்தினேன். கதவு மெல்ல மூடியது. பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் லிப்ட் கீழே போனது. அதில் நானும் வாழைக்குலையும் மட்டும்தான்.

கார் அரும்பொட்டில், கடைசி நொடியில், ராகு காலத்தை முந்தியது. மாப்பிள்ளைக்கு மணவறையில் உட்காரும்போது முழங்கால் மடங்கவில்லையாம். நிமல் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, ஒரு சிங்கள அண்ணன் தங்கச்சிக்குச் சொல்வதுபோல், "நங்கி, லிப்ட் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, நீதான் பழுது" என்றார். என்னை நிரந்தரமாக்குவதைச் சில மாதம் தள்ளிப் போட்டார். பிறகு ஆக்கினார். இன்று அதே கம்பனியில் புதிதாக வருகிறவர்களைப் பழக்குவது நான்தான். வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லு, ஏன் என்பதைக் கேட்டால் சொல்லு என்பதுதான் என் முதற்பாடம். அந்தப் பாடத்தை என்னைவிட நன்றாக எடுக்க ஆளில்லை.

அதன் பிறகு அந்தக் கட்டடத்திலிருந்து பழுது, பழுது என்று கஜன் அடிக்கடி போன் பண்ணினான். போய்ப் பார்த்தால் லிப்டில் ஒரு பழுதும் இருக்காது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சிவபாலன் அங்கிள் இப்போது என் மாமா.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ஒன்றும் விளங்காமல் ஏன் தலையாட்டினீர்கள் என்று.

"ஒரு பொம்பிளைப் பிள்ளை படிச்சுப்போட்டு வந்து இவ்வளவு பேருக்கு முன்னால நிண்டு கதைக்குது. விளங்கேல்லை எண்டு சொல்லி உன்ர முகத்தை வாடப்பண்ண எனக்கு மனமில்லை."

மதிக்கமாட்டார்கள் என்று நான் கதைத்துத் தள்ளிய நேரமெல்லாம், அந்த மனுஷன் மரியாதைக்காகவே தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமி, அதுதான் ராணி அன்ரி, அப்படி விளங்காமல் தலையாட்டிவிடுகிற ஆளில்லை. சென்ற மாதம் மாமாவின் நெஞ்சுவலிக்காக டொக்டரிடம் போனோம். டொக்டர் ஸ்கான் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போனார். மாமா வழக்கம்போல ஆழமாகத் தலையாட்டினார். கஜனும் ஆட்டினான். ஏன், நானும் ஆட்டினேன். மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"டொக்டர், இப்ப எத்தினை பேர் இறங்கவேணும்?"