கழற்றி மாட்டினால் ஓடும் கார்

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று ஏன் ஓடவில்லை என்று தெரியாதபோதுதான் மிக விரிவாக விளக்குவோம். திண்டிவனத்தில், என் வகுப்பில் இது செல்லும். (மாணவர்களால் எழுந்து போக முடியாது.) தம்பி முரளியின் கல்யாணத்தன்று செல்லவில்லை.

காலையில் திருவாமாத்தூர் கோயிலில் முகூர்த்தம். உறவினர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். மாப்பிள்ளையையும் எங்கள் தாய்மாமாவையும் என் பழைய காரில் நானே அழைத்து வருவேன் என்று அடம்பிடித்திருந்தேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இன்ஜின் சட்டென்று அணைந்தது. பானெட்டைத் திறந்து பேட்டரி முனையை இறுக்கினேன். கைக்கெட்டிய பிளக்குகளையெல்லாம் பிடுங்கிச் செருகினேன். வண்டி கிளம்பியது.

"பேட்டரி லூஸ்," என்று தீர்ப்பு சொன்னேன்.

விக்கிரவாண்டி அருகே மறுபடியும் அணைந்தது. பேட்டரி முனை கல் மாதிரி இறுகியிருந்தது. குழம்பிப்போய் மீண்டும் எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகினேன். அதற்குள் மாமா ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டார். வண்டி கிளம்பியது, பழம் நசுங்கியது.

"பார்த்தியாம்மா? திருஷ்டி!"

மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. பேட்டரியா, சூடா, பெட்ரோலில் தண்ணீரா? ஒருவேளை எலுமிச்சையேதானோ? (எம்.எஸ்சி. முடித்த எனக்கு அந்தச் சந்தேகமும் வந்தது.)

விழுப்புரம் தாண்டி, கோயிலுக்குப் போகும் சாலையில் மூன்றாவது முறை.

"பழம் ஒண்ணுதான் எடுத்தாந்தேன்," என்றார் மாமா வருத்தத்தோடு.

இம்முறை முறைப்படி ஆராய்வதென்று முடிவெடுத்தேன். "எல்லாத்தையும் ஒண்ணா தொட்டா எது காரணம்னு தெரியாதுடா. ஒண்ணொண்ணா பார்க்கணும்." ஃபியூஸைக் கழற்றி மாட்டினேன், சாவியைத் திருப்பினேன். இல்லை. அடுத்த ஃபியூஸ். இல்லை.

"அக்கா! எனக்கு இன்னைக்குக் கல்யாணம். உனக்கு லேப் இல்ல!"

மாமா ஒரு டிராக்டரை மறித்தார். "எப்பா, மாப்பிள்ளைய ஜல்தியா கோயில்ல எறக்கி வுடுப்பா. ஒரே பேஜாராப் போச்சு." இருவரும் அதிலிருந்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டைகள்மேல் ஏறிக்கொண்டார்கள்.

டிராக்டர் வளைவில் மறைந்த பிறகு, இன்ஜின் ஓரத்தில் தொங்கிய சின்ன சென்சார் பிளக்கைக் கழற்றி மாட்டினேன். உயிர் வந்துவிட்டது! விரட்டிப் போய், ஹாரன் அடித்துக் கத்தினேன்: "முரளி, கண்டுபிடிச்சிட்டேன்! எறங்கி வா!"

"வேணாங்க்கா," என்றான், மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி. "இது ஓடிக்கினு இருக்குது."

பட்டு வேட்டியெல்லாம் செம்மண்ணோடு, முகூர்த்தம் முடிய நூலிழை நேரமே இருக்கும்போது தாலி கட்டினான்.

அடுத்த வாரம் அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளிருந்த உலோகப் பின்களில் கறுப்புப் பொடி. வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. இன்ஜின் அதிர அதிர வயர் ஆடி, பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி, மேலிருந்த வெள்ளீயப் பூச்சைத் தேய்த்திருக்கின்றன. தேய்ந்த துகள் காற்று பட்டு ஆக்சைடாகி, மின்சாரத்தை மறித்திருக்கிறது. கழற்றி மாட்டும்போது அந்தப் பொடி சுரண்டப்படும், கொஞ்ச தூரம் ஓடும். பிறகு மறுபடியும் சேரும். நான் வண்டியைச் சரிசெய்யவே இல்லை. சொறிந்து மட்டும் விட்டிருக்கிறேன்.

இரண்டு பக்கப் பின்களையும் மாற்றி, அதற்கென்றே விற்கும் கிரீஸைத் தடவி, வயரைப் புதுக் கிளிப்பில் ஆடாமல் பிடிக்கவைத்தேன். அதன்பின் அந்தக் கார் வழியில் நின்றதே இல்லை.

இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் படம் வரைந்து விளக்கியாயிற்று. ஆனாலும் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும்போதெல்லாம் தம்பி மனைவி மரியாதை குறையாமல் கேட்கிறாள்:

"அண்ணி, கார்ல வர்றீங்களா, இல்ல ஜல்தியா வர்றீங்களா?"